சாவி உடைந்த வாட்சும் பத்து நிமிடமும்

போன வாரம் என் வாட்சின் சாவி கையோடு வந்துவிட்டது. உள்ளே போகும் ஸ்டெம் கம்பி பாதியில் முறிந்திருந்தது. திருப்போரூரில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்திருந்தேன். இன்று வாங்கப் போனேன்.

கடைக்காரர் உடைந்த கம்பியை லென்ஸ் வைத்துக் காட்டினார்.

“சாவி குடுத்து ஒடையல சார் இது. முள்ளு திருப்ப இழுத்து இழுத்து கழுத்தாண்ட தேஞ்சுகீது. தெனம் டைம் வெப்பீங்களா?”

“ஆமாங்க. ராத்திரி டிவி நியூஸ் பாத்து வைப்பேன். காலைல ஆபீஸ் பஸ்ல ஏறிப் பாத்தா பத்து நிமிஷம் முன்னாடி போயிருக்கும்.”

“புது ஸ்டெம் போட்டு நாலு நாளா என் கண்ணு முன்னாடிதான் ஓடிகினு கீது. ஒரு நிமிசம்கூட முன்ன போவல.”

கொஞ்சம் யோசித்தார்.

“தூங்கசொல்ல வாட்ச எங்க சார் வெப்பீங்க?”

“டிவி மேல.”

“வூட்ல மொதல்ல எழுந்துக்கறது யாரு?”

“என் மனைவி.” அவர் சிரித்துக்கொண்டே வாட்சை என்னிடம் நீட்டினார்.

மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ஆபீஸ் பஸ்ஸை விட்டதில்லை என்று உங்கள் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கையை நீட்டினாள்.

“சரியாயிடுச்சா? குடுங்க, சாவி இழுக்க வருதான்னு பாக்கறேன்.”

கொடுத்துவிட்டேன். வாட்ச் இப்போது டிவி மேல்தான் இருக்கிறது.

புது ஸ்டெம் எத்தனை மாதம் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?