கேசட்டின் கடைசி நாலரை நிமிடம்

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ரயில்வே கேட்டை ஒட்டிய தெருவில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடி அறையில் நாங்கள் நாலு பேர் ராக் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். கிடார் நான். பேஸ் கிடாரும் டிரம்ஸும் என் கல்லூரித் தோழர்கள் இருவர். பாடுவது மட்டும் கல்லூரிப் பக்கமே போகாத ஒருவன். பம்மலில் ஸ்கூட்டர்களுக்கு டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடிக்கும் ஷெட்டில் வேலை. கிறிஸ்துமஸ் காலத்தில் சர்ச் ஆட்களோடு வீடு வீடாகப் போய்ப் பாடிப் பாடி உரமேறிய குரல் அவனுடையது. மைக் இல்லாமலே மூன்றாவது தெருவுக்குக் கேட்கும்.

பாட்டை எழுதி மெட்டுப் போட்டது நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம், கொஞ்சம் என்றால் நிறையவே. எலக்ட்ரிக் ரயிலைத் தவறவிட்டவன் பிளாட்பாரத்தில் நின்று பாடுகிற பாட்டு. 'இன்னும் ஒரு வண்டி இருக்கு' என்று ஒவ்வொரு சரணமும் முடியும்.

பாட்டு எப்படி வந்திருக்கிறது என்று கேட்டுப் பார்க்க ஒரு நாள் மாலை அதைப் பதிவு செய்தோம். ஸ்டுடியோவாவது ஒன்றாவது! என் மாமாவின் டேப்ரிக்கார்டரைக் கவிழ்த்த பிளாஸ்டிக் பக்கெட் மேல் வைத்தோம். டிரம்ஸ் அதிராமல் இருக்க அதற்குள் ஒரு தலையணை. இரண்டு முறை எடுத்தது சொதப்பல். மூன்றாவது முறை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, இரண்டு மூச்சு அமைதி வர வேண்டும். சரியாக அந்த இடத்தில் கீழே போன எலக்ட்ரிக் ரயில் 'பூஊஊ' என்று ஹாரன் அடித்தது.

வேறு யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் பாடகன் சிரித்தான். விக்கல் மாதிரி நடுவில் ஒரு முறை அறுந்து, மறுபடி தொடர்கிற சிரிப்பு அது. சிரித்து முடித்த கையோடு, ஹாரன் விட்ட சுருதியையே பிடித்துக்கொண்டு மூன்றாம் சரணத்துக்குள் நுழைந்துவிட்டான். அதுவும் நான் எழுதிக் கொடுத்தபடி இல்லை, அவன் பேசுகிறபடி: 'இன்னும் ஒரு வண்டி கீது'.

பாட்டு முடிந்ததும், "ஏன்டா நிறுத்தல?" என்று நான் கத்தினேன்.

"வண்டியே வந்து கோரஸ் பாடுது மச்சான், அத்த போய் நிறுத்த சொல்றியே!" என்றான்.

இன்னொரு முறை எடுக்கலாம் என்று பார்த்தால் கரண்ட் போய்விட்டது. இருப்பது போதும் என்று விட்டுவிட்டோம். ஆளுக்கு ஒரு பிரதி வேண்டும் என்பதற்காக, கிழக்குத் தாம்பரத்தில் பாட்டுப் பதிவு செய்து தரும் கடையில் அந்தக் கேசட்டைக் கொடுத்து வைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் எங்களுக்கு யோகம் அடித்தது. தெரிந்தவர் ஒருவர் மூலமாக என் பிரதி ஒரு சிறிய கேசட் கம்பெனிக்குப் போக, ஆறு பாட்டு கொண்ட ஆல்பம் போடலாம் என்று கூப்பிட்டார்கள். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. அதுவரை ஏ.சி. அறையையே பார்க்காத நாங்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோலப் போனோம்.

முதல் நாளே ஒலிப்பதிவாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் பாடகன் அப்போதுதான் எல்லாருக்கும் டீ வாங்கி வர ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தான். "குரல் ரொம்ப முரடா இருக்கு தம்பி. உச்சரிப்பும் ஒரு மாதிரி. முறையாப் பாட்டு கத்துக்கிட்ட பையன் ஒருத்தன் இருக்கான், வரச்சொல்லட்டுமா?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் "சரி சார்" என்றேன். அவன் ஃபிளாஸ்க்கோடு மாடிப்படி ஏறி வருவதற்குள் அவனுடைய பாட்டு அவனுடையதாக இல்லாமல் போய்விட்டது.

விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் ஒரு நொடி மாறியதைப் பார்த்தேன். பிறகு டம்ளர்களில் டீயை ஊற்றிக்கொண்டே, "பரவால்ல மச்சான். பாட்டு வெளிய வந்தா போதும்" என்றான். அன்று சாயங்காலம் வரை அங்கேயே இருந்து ஆம்ப்ளிஃபயர் தூக்கினான். நானாக இருந்தால் ஃபிளாஸ்க்கைச் சுவரில் அடித்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆல்பம் வந்தது. கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. தாளம் பிசகாது, குரல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டாம் சரணத்துக்குப் பின் வரும் அந்த அமைதியில் கீபோர்டில் இனிமையாக ஒரு புல்லாங்குழல். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு நானே பூரித்துப் போனேன். ஊரில்தான் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைகளில் கேட்டால், "அப்படியே இருக்கு தம்பி" என்றார்கள். ரசனை கெட்ட ஜனங்கள் என்று திட்டித் தீர்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களைப் பாடக் கூப்பிட்டார்கள். ஆல்பத்தில் பாடிய தம்பியை அழைத்துக்கொண்டு போனோம். நல்ல பையன், மேடையில் நின்று முன்பின் பழக்கமில்லை. நம் பெயிண்ட்டரும் வந்திருந்தான். எங்கள் டிரம்மின் முகப்பில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு ரயில் முகத்தை ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தவனே அவன்தான். மேடையின் ஓரத்தில், ஸ்பீக்கருக்குப் பின்னால், கையில் கட்டிங் பிளேயரோடு ஒயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்றாவதாக ரயில் பாட்டு. கிடாரில் முதல் நாலு சுரம் வாசித்ததுமே கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் ஆல்பம் எப்படியோ ஜனங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாம் சரணம் முடிந்தது. வாத்தியங்கள் நின்றன. அந்தப் புல்லாங்குழல் வரியை நான் கிடாரில் வாசிக்க வேண்டும். கம்பியில் விரல் வைப்பதற்குள், அந்த மைதானமே சேர்ந்து "பூஊஊ" என்றது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆல்பத்தில் ஏது ஹாரன்? யோசிப்பதற்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நடுவில் ஒரு முறை அறுந்து, மறுபடி தொடர்கிற அதே சிரிப்பு. உடனே, சுருதி தப்பாமல், 'இன்னும் ஒரு வண்டி கீது' என்று எங்களை விட்டுவிட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த கணமே வெட்கத்தில் காது சுட்டது.

பாட வந்த தம்பி திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினான். "அண்ணா, இவங்க வேற பாட்டு பாடறாங்க. இது யார் பாடினது?" என்றான். அவனிடம் பழைய பதிவைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் கையைக் காட்டினேன்.

அந்தத் தம்பியை நான் இன்றுவரை மதிக்கிறேன். கோபப்படவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. நேராகப் போய் மைக்கை நம் பெயிண்ட்டர் கையில் கொடுத்து, பதிலுக்கு அந்தக் கட்டிங் பிளேயரை வாங்கிக்கொண்டான்.

"நானா? சட்டையெல்லாம் பெயிண்ட்டா கீது!" என்று அவன் பின்வாங்கியது மைக்கில் விழுந்துவிட்டது. 'கீது' என்று கேட்டதும் முன்வரிசை எழுந்து நின்றுவிட்டது. குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள். அவன் நடு மேடைக்கு வந்து, ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான். எத்தனையோ பாடகர்களை அதற்குப் பிறகு கேட்டிருக்கிறேன். அன்று அவன் பாடியதுபோல ஒருவர் பாடி நான் கேட்டதில்லை. கிடார் வாசிப்பதை விட்டுவிட்டு நடுவில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை டிரம்ஸ் தோழன் இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு மாணவியைக் கேட்டேன். "எங்கம்மா சினிமாப் பாட்டு கேசட்ல கடைசியா இது வரும்ண்ணா" என்றாள். பக்கத்திலிருந்தவள், "எங்க வீட்லயும்தான்" என்றாள். யார் பாட்டு என்று இருவருக்குமே தெரியாது.

மறுநாள் காலை நம் பெயிண்ட்டரையும் கூட்டிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் கடைக்குப் போனேன். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. "ஆமாம்பா. ஜனங்க லிஸ்ட்டு எழுதிக் குடுப்பாங்க. எல்லாம் ஏத்தினப்புறம் கடைசில நாலு, அஞ்சு நிமிசம் மிச்சம் கீதுன்னு வெச்சுக்கோ, சும்மா வுட்டா காசு குடுத்தவன் திட்டுவான். எதுனா ஒரு பாட்டு போட்டு ரொப்பணும். உன்து சரியா நாலரை நிமிசம். கேக்க ஜாலியா வேற இருந்துச்சா, அதான்."

"எத்தனை கேசட்ல போட்டீங்க?"

"அத்த எவன் எண்ணிகினு இருந்தான்?"

ஆல்பம் என் பையில் இருந்தது. அதை ஒரு டெக்கிலும், பழைய பதிவை இன்னொரு டெக்கிலும் போடச் சொன்னேன். முதலில் ஆல்பம். மூவரும் கேட்டோம். எனக்கு ஒவ்வொரு இடமும் சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி இருந்தது. அவனோ கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக் கேட்டான். "அந்தப் புல்லாங்குழல் சூப்பரா கீது மச்சான். அந்தத் தம்பியும் எம்மாம் நைசா பாடறான் பாரு!" என்றான். அவன் வாயில் பொய் வராது, மனதாரத்தான் சொன்னான். தன்னைத் தூக்கி எறிந்துவிட்டுச் செய்த பாட்டில்கூட நல்லதைத் தேடிப் பாராட்டுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

"தப்பு பண்ணிட்டேன்டா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றேன்.

அவன் கையை நீட்டி டெக்கை நிறுத்தினான். பிறகு, "நான் டீ வாங்க போன கேப்ல பாட்ட தூக்கிட்டியே மச்சான், அதான் பேஜாராப் போச்சு. மூஞ்சிக்கு நேரா கேட்டிருந்தா அன்னிக்கே மறந்திருப்பேன்" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அடுத்து பழைய பதிவு ஓடியது. இரைச்சல், தலையணை வைத்த டிரம்ஸின் தொப்புத் தொப்பு, எங்கோ நாய் குரைப்பு. ஆனால் குரல் வந்ததும் பிளாட்பாரமும் வந்துவிட்டது. வண்டியை விட்டவன் ஒருவன் நிஜமாகவே அங்கே நின்றான். ஹாரன் வந்தது, சிரிப்பு வந்தது. அப்போது கடைக்காரர் சத்தத்தைக் கூட்டி, "இது யாரு, இன்னொருத்தர் சிரிக்கிறது?" என்றார்.

டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டோம். அவன் சிரிப்புக்குப் பின்னால், மெல்லியதாக இன்னொரு சிரிப்பு. அது என்னுடையது. அன்று அவனைப் பார்த்துக் கத்தியது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. அதற்கு முன்னால், என்னையறியாமல் நானும் சந்தோஷத்தில் சிரித்திருக்கிறேன் என்பதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். ஆல்பத்தின் ஆறு பாட்டுகளிலும் தேடினாலும் அந்தச் சிரிப்பு கிடைக்காது.

பிறகு எங்கள் குழு கலைந்தது. ஆளுக்கொரு வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டது. அவன் இப்போது சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். நல்ல நாள் என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவான். இரண்டு கேசட்டும் என் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வேலையிலோ வீட்டிலோ யாருடைய முரட்டுத்தனத்தையாவது சரிசெய்துவிடலாம் என்று எனக்குக் கை துறுதுறுக்கும்போது, பழைய கேசட்டைப் போட்டு அந்த ஹாரன் வரைக்கும் கேட்டுவிடுகிறேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் எதையும் திருத்துவதில்லை.