ஜாய்ஸ் கடைசி வரை படித்த பக்கம்

ஜாய்ஸ் என் தம்பி ஜெபசிங்கின் இரண்டாவது பெண். மூத்தவள் சிநேகா மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலைக்குப் போய் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டாள். எங்கள் அப்பா செங்கல்பட்டுக்குத் தெற்கே பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவருக்கு நாங்கள் ஐந்து பேர், எங்களுக்குப் பதினான்கு பேர். அந்தப் பதினான்கில் யார் எந்த மாதம் பிறந்தது, யாரை யாருக்குக் கொடுத்தது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். ஆனால் இது ஜாய்ஸ் கதை. அவள் பன்னிரண்டாவது முடித்து, செங்கல்பட்டில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, மறைமலைநகரில் கியர் செய்கிற கம்பெனியில் பேக்கிங்குக்குச் சேர்ந்தாள். ஆறு வருஷம் அட்டைப்பெட்டி மடித்தாள். கை அவ்வளவு வேகம். லைன் சூப்பர்வைசர் செல்வராஜ் அவளைப் பக்கத்து லைனுக்குக்கூட கடன் கொடுக்கமாட்டார்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ரூமைப் பார்த்துக்கொள்கிற ஜானகிராமன் சார் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு ஜாய்ஸை எடுத்தார்.

"மூணு மாசம் பார்க்கிறேன்மா. சரியா வந்தா இங்கேயே இரு. இல்லேன்னா பேக்கிங்குக்கே போயிடணும், மனசுல ஒண்ணும் வெச்சுக்கக் கூடாது" என்றார்.

ஜாய்ஸ் வீட்டுக்கு வந்து சொன்னபோது, அவள் புருஷன் பெஞ்சமின் உடனே போய் அரை கிலோ கேக் வாங்கி வந்தான். மூன்று மாதம் முடியட்டும் என்று அவள் அதை வெட்டவே விடவில்லை. பிறகு இரண்டு நாளில் கெட்டுப்போகும் என்று அவர்களே சாப்பிட்டார்கள்.

அந்த ரூமில் இருந்தது இருபது வருஷத்துப் பழைய மெஷின். கருப்புத் திரை, பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது, எல்லாம் அடித்துத்தான் ஆகவேண்டும். கியரைப் பழுக்கக் காய்ச்சுகிற உலையின் சூட்டை நிமிஷத்துக்கு ஒரு தரம் குறித்து வைப்பது அதன் வேலை. பெட்டியில் ஒட்டுகிற லேபிளும் அதிலிருந்துதான் வரும். இன்டர்நெட் இல்லை. செல்போனைக் காலையிலேயே கேட்டில் கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?

ஜானகிராமன் சார் முதல் நாளே சொன்னாராம். "எம், ஏ, என்னு மூணு எழுத்து, மேன்னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, எந்தக் கட்டளை தெரியலையோ அது பேரை அடி. அதைப் பத்தின பக்கத்தை மெஷினே காட்டும்." சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். ஜாய்ஸ் அடித்தாள், பக்கம் வந்தது, படித்தாள். மூடத் தெரியவில்லை. எந்தப் பித்தானைத் தட்டினாலும் மேலே போகிறது, கீழே போகிறது, போகமாட்டேன் என்கிறது. சார் வருகிற வரை ஒன்றேகால் மணி நேரம் மெஷினைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் எட்டிப் பார்த்த செல்வராஜ், "இன்னாம்மா, ஜெபம் பண்ணிகினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். க்யூ எழுத்தைத் தட்டினால் பக்கம் மூடும் என்று அன்றைக்குச் சாயந்திரம் தெரிந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் பிடித்துவிடுவாள். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசிக்கிறவர்கள் அந்தப் பகுதியை சனிக்கிழமையே வீட்டில் கடைசி வசனம் வரை சத்தமாகப் படித்துப் பார்க்க வேண்டும். பாதியில் நின்று திக்கினால் பாஸ்டர் அடுத்த தடவை பெயர் போடமாட்டார். ஜாய்ஸ் பத்து வயதிலிருந்து வாசிக்கிறவள். அதே பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. மேன் காட்டுகிற பக்கம் எவ்வளவு நீளமானாலும் அடி வரை போவாள்.

"அத்த, ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில 'இதையும் பாரு'ன்னு நாலஞ்சு பேரு போட்டுகிறான். எல்லாம் அந்தக் கட்டளைக்குச் சொந்தக்காரங்க" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் அந்த மெஷின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. மனிதர்களே சொந்தத்தை மறந்துவிடுகிற காலம் இது.

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. ஜானகிராமன் சார் தன் மகள் வரலட்சுமிக்கு வரன் கூடிவர வேண்டும் என்று திருவிடந்தைப் பெருமாள் கோயிலுக்கு மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தார். வெளியே போகிறபோதெல்லாம், மெஷினில் எதையும் செய்யவிடுகிற பெரிய பாஸ்வேர்டை அவசரத்துக்கு ஓர் உறையில் வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். பெண் மாலையைப் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி முடிகிற வரைக்கும் போன் எடுக்கமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதினோரு மணிக்கு லேபிள் நின்றுபோனது. செல்வராஜ் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? ரெண்டு லாரி நின்னுகினு கீது. டிரைவர் ஆரன் மேலயே கைய வெச்சிருக்கான்."

"பாத்துகினுதான் கீறேன் அண்ணாத்த."

"நீ பாத்தா பிரிண்டர் வெக்கப்படுதா இன்னா? போன் போடும்மா."

மெஷினைப் பராமரிக்கிற சென்னைக் கம்பெனியில் உலகநாதன் என்பவர் பேசினார். லேபிள் புரோகிராம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை முடித்துவிட்டுத் திரும்ப ஓடவிட வேண்டும் என்றார்.

"சார் உறையில வெச்சிட்டுப் போன பெரிய பாஸ்வேர்ட போட்டு உள்ள போ. 'கில்லால்'னு அடி, பக்கத்துல லேபிள் புரோகிராம் பேரு, என்ட்டர். ரெண்டு செகண்ட் வேல."

ஜாய்ஸுக்கு அந்தக் கட்டளை புதிது. "ஒரு தபா படிச்சிட்டு அடிக்கிறேண்ணா" என்று ரிசீவரை மேசையில் வைத்தாள்.

"பரீட்சையா நடக்குது? சொன்னத அடிம்மா" என்றார் செல்வராஜ்.

அவள் மேன் போட்டுக் கில்லால் பக்கத்தைத் திறந்தாள். ஓடிக்கொண்டிருக்கிற எல்லா வேலைகளையும் இது முடித்துவிடும் என்று எழுதியிருந்தது. மெஷினையே நிறுத்துகிற நேரத்தில் பயன்படுவது. பெயர் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் முடிக்கும் என்று மேலிருந்து கீழ் வரை எங்கேயும் இல்லை. உலைக்கணக்கும் அந்த எல்லாவற்றிலும் அடக்கம். காலை ஆறு மணிக்கு உலைக்குள் போன கியர் நாலு மணிக்குத்தான் வெளியே வரும். நடுவில் சூட்டுக் கணக்கு விட்டுப்போனால் வாங்குகிற கம்பெனி ஒன்றைக்கூடத் தொடாது. அவ்வளவும் இரும்புக் கடைக்குத்தான்.

ரிசீவரை எடுத்தாள். "அண்ணா, இது எல்லாத்தையும் நிறுத்திடும்னு போட்டுகிது."

"யாரு சொன்னது? நான் டெய்லி அடிக்கிறேன். பேரு குடுத்தா அத மட்டும்தான் முடிக்கும்."

"உங்க மெஷின்ல அப்பிடி இருக்கலாம்ணா. இது பழசு. இதுல அப்பிடி எழுதல."

"இதோ பாரும்மா, பதினாலு வருசமா இந்த வேல செய்றேன். நீ அடிக்கலன்னா, சொன்னத செய்யலன்னு எழுதி உங்க சாருக்கு அனுப்பிடுவேன். அப்பறம் என்னக் கேக்காத."

அந்தக் கடிதம் போனால் பேக்கிங்தான் என்று அவளுக்குத் தெரியும். லேபிள் வராமலே போனாலும் அதே கதிதான். "எழுதிக்கோங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை மறுபடி மேசையில் வைத்தாள்.

கில்லால் பக்கத்தின் அடிக்குப் போனாள். சொந்தக்காரர்களில் முதல் பெயர் பி.எஸ். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஓடுகிற வேலைகள் ஒவ்வொன்றையும் அதன் நம்பரோடு காட்டுவது அது. அதன் அடியில் கில் என்று வெறுமனே ஒரு பெயர். அதையும் திறந்து கடைசி வரை படித்தாள். நம்பர் கொடுத்தால் அந்த நம்பரை மட்டும் முடிக்கும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

உறையைப் பிரித்து, பெரிய பாஸ்வேர்டைப் போட்டு, வேலைகளின் பட்டியலை வரவழைத்தாள். லேபிள் புரோகிராமுக்கு எதிரே இருந்த நம்பரைக் காகிதத்தில் எழுதினாள். செல்வராஜைத் திரையில் இருந்ததை வாசிக்கச் சொல்லி, தான் எழுதியதோடு ஒத்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு என்ன வாசிக்கச் சொல்ற?"

"ஒரு நம்பர் மாறினா உலைக்கணக்கு நின்னுடும் அண்ணாத்த."

அதன் பிறகு செல்வராஜ் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். ஜாய்ஸ் அடித்தாள். லேபிள் புரோகிராம் மட்டும் பட்டியலிலிருந்து போயிற்று. உலைக்கணக்கு அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. லேபிளைத் திரும்ப ஓடவிட்டதும் பிரிண்டர் கடகடவென்று கக்க ஆரம்பித்தது. எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு நிமிஷம்.

உலகநாதன் சொன்னபடியே எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜானகிராமன் சார் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அவர் சொன்னதை ஏன் செய்யலை?"

ஜாய்ஸ் கில்லால் பக்கத்தைத் திறந்து காட்டினாள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"பத்தொன்பது வருஷமா இந்த ரூம்ல இருக்கேன். இந்தப் பக்கத்தை நான் திறந்ததே இல்லைம்மா. நானா இருந்தா அடிச்சிருப்பேன்."

மேசை இழுப்பறையிலிருந்து அவள் பெயர் போட்ட தாளை எடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போடவேண்டிய கையெழுத்தை அப்போதே போட்டு, மை காயட்டும் என்று ஃபேன் பக்கமாகப் பிடித்தார். பிறகு தானே உலகநாதனுக்குப் போன் போட்டு, "ஜாய்ஸ் பேசுவாங்க. அவங்கதான் இனிமே இந்த ரூமுக்கு" என்று சொல்லி ரிசீவரை அவளிடம் கொடுத்தார்.

உலகநாதன் கேட்டார்:

"ஏம்மா, நெஜமாவே எல்லாத்தையும் நிறுத்திடும்னா போட்டுகிது?"

"ஆமாண்ணா."

"இதே மெஷின் எனக்கு இன்னும் மூணு கம்பெனில கீது. ஒரு நிமிசம் இரு, பேனா எடுத்துகினு வர்றேன். மொதல்லருந்து மெதுவா படி."

ஜாய்ஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்துக் காட்ட ஆரம்பித்தாள்.