செங்கோடனின் இரும்புக் கயிறு

"எல்லாரும் கட்டறதுக்குப் படிப்பாங்க, இவ இடிக்கறதுக்குப் படிச்சிருக்கா" என்று மலையூரான திருப்புலி நாட்டில் அம்சவேணியைக் கேலி செய்வார்கள். கேலியில் பொய் இல்லை. மிளகு போட்டுப் பிழைக்கும் அண்ணாமலையின் மகள், கோவையில் வெடி வைத்துக் கட்டடம் தகர்க்கும் கம்பெனியில் வேலை பார்த்தாள். எந்தத் தூண் முதலில் வெடித்தால் கட்டடம் எந்தப் பக்கம் சாயும் என்று கணினியில் சாய்த்துப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

2006இல் அவள் ஊரிலேயே ஒரு வேலை வந்தது. உயரத் தூண்கள்மேல் இருந்த, விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி இன்றோ நாளையோ என்று நின்றது. பெரிய இயந்திரம் மலை வளைவுகளில் ஏறாது, வெடிதான் வழி.

பள்ளத்துப் பக்கம் சாய்த்தால், கணினியில் தொட்டி உருண்டு போய், கீழே இருந்த உறவுக்காரர் செங்கோடன் வீட்டை நசுக்கியது. மேட்டுப் பக்கம் சாய்த்தால் மண்ணில் புதைந்து, அண்ணாமலை வீட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. "எங்க ஊட்டுப் பக்கந்தான் சாயும். ஆனா சுவரைத் தொடாது" என்று ஊரில் சொன்னாள். பின்பாதியை ஒருவரும் நம்பவில்லை.

வெடி வைக்கும் நாள் காலையில், வீடுகளைக் காலி செய்த பிறகு, தூண்களைப் பார்க்கப் போனவள் சட்டென்று நின்றாள். மரம் இழுக்கும் இரும்புக் கயிற்றைத் தொட்டியில் கட்டி, பள்ளத்துப் பலா மரத்தோடு விறைப்பாக முறுக்கியிருந்தார்கள். கணினியில் எல்லாம் இருந்தது, கயிறு இல்லை.

"யாருப்பா கட்டுனது?" என்று கூட வந்த அப்பாவைக் கேட்டாள்.

"நாந்தாங் கண்ணு. ஊட்டோரம் நிக்கற மரத்தைக் கயிறு கட்டாம யாராச்சும் வெட்டுவாங்களா?"

"இது மரமில்லீங்கப்பா, உருளும். செங்கோடன் மாமா ஊடு போயிரும்."

அண்ணாமலைக்கு முகம் வெளுத்தது. "உன் கணக்குத் தப்புனா?"

"நம்ம ஊடு போகும்."

அவரே அவிழ்த்தார்.

மதியம் தொட்டி மேட்டுப் பக்கம் சாய்ந்தது. சொன்னபடி சுவரைத் தொடவில்லை. ஆனால் விழுந்த அதிர்வில் அண்ணாமலை வீட்டுச் சமையலறைக் கூரை ஓடுகள் முழுதும் சரிந்தன. அம்சவேணிக்கு அழுகை வந்தது. அதிர்வை அவள் கணக்கில் குறைத்துப் போட்டிருந்தாள்.

செங்கோடன் கோபமாக வந்தார். "என்ற கயித்த ஏனுங்க மாமா அவுத்தீங்க? உங்க ஊடு தப்பட்டும்னுதானே ரெண்டு பேருஞ் சேந்து கட்டுனோம்!"

அம்சவேணி சொன்னாள், கயிறு இருந்திருந்தால் தொட்டி எங்கே போயிருக்கும் என்று.

செங்கோடன் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். சாயங்காலம், தன் மாட்டுக் கொட்டகையிலிருந்து பிரித்த ஓடுகளைத் தலையில் சுமந்து மேடேறி வந்தார்.