காதர் கார்பனான கதை

காதர் போய்விட்டான். இன்று காலை அவன் மகள் உட்லண்ட்ஸிலிருந்து போன் செய்து சொன்னாள்...

என் பழைய வேலைத்தோழன். என் வயதுதான், எண்பத்து இரண்டு. போனை வைத்ததும் அழுதேன். பிறகு லாரியில் அவன் கார்பனாகப் படுத்தது ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன்!

அறுபதுகளின் நடுவில் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கேஸ் கம்பெனி. கப்பல் பட்டறைகளுக்கு வெல்டிங் கேஸ் அனுப்பும் இடம். நாங்கள் இருவரும் சிலிண்டர் உருட்டி ஏற்றுகிறவர்கள். தினமும் தேக்காவிலிருந்து கம்பெனி லாரியில்தான் போவோம்.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு. லேப் அசிஸ்டென்ட், இரண்டு இடம், கெமிஸ்ட்ரி பரீட்சை உண்டு. காதரின் முதுகு ஏற்கெனவே போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே உருட்டினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இருவரும் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தோம். காதர் அட்டை கிழிந்த ஒரு கெமிஸ்ட்ரி புத்தகம் வாங்கினான். லாரிதான் எங்கள் கிளாஸ் ரூம்.

அணுக்கள் ஒன்றோடொன்று சேரும் பாண்டிங் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை.

"கார்பனுக்கு நாலு கை, ஹைட்ரஜனுக்கு ஒரு கை. அவ்ளோதான் லா."

"மனுஷனுக்கு ரெண்டு கைதானே காதர்?"

"கால் எதுக்கு இருக்கு?"

அப்படியே லாரித் தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். நானும் லாரியில் வந்த மற்ற மூன்று பேரும் நாலு ஹைட்ரஜனாகி, ஆளுக்கொரு கையோ காலோ பிடித்துக்கொண்டோம். "நான்தான் மீத்தேன்!" என்று அவன் போட்ட சத்தத்தில், ஏதோ அடிதடி என்று டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்தார்...

பரீட்சை கேன்டீனில். கடைசிக் கேள்வி: ஒரு கேஸில் கார்பன் 92.3 சதவீதம், ஹைட்ரஜன் 7.7. மூலக்கூறு எடை 26. ஃபார்முலா என்ன?

கார்பனைப் பன்னிரண்டால் வகுத்தேன். 7.7. ஹைட்ரஜனும் அதே 7.7. அப்படியென்றால் ஒன்றுக்கு ஒன்று, CH. அதன் எடை 13. இருபத்தாறுக்கு இரண்டு மடங்கு... C₂H₂!

அதே நொடி பின்னாலிருந்து காதர் என் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

"முத்து! இது நம்ம வெல்டிங் கேஸ், அசெட்டிலின் லா! நேத்துகூட லோடு ஏத்துனோமே!"

மேற்பார்வைக்கு நின்ற கணேசன் சார் அவன் தாளைப் பிடுங்கிவிட்டார்.

"என்னய்யா, ஊருக்கே விடை சொல்றியா?"

"மன்னிச்சிடுங்க சார். தெனம் கட்டிப்புடிச்சு உருட்டுறேன்... உள்ள என்ன இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

சார் தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தக் கேள்விக்கு யாருக்கும் மார்க் கிடையாது. நீ வேற கணக்கு போடு. ஆக்ஸிஜன், நாப்பது லிட்டர் சிலிண்டர், நூத்தம்பது அட்மாஸ்ஃபியர் பிரஷர். வெப்பநிலை மாறல. வெளிய ஒரு அட்மாஸ்ஃபியருக்கு வந்தா எத்தனை லிட்டர்?"

"ஆறாயிரம் சார்." பென்சிலைத் தொடவேயில்லை!

இரண்டு இடமும் எங்களுக்கே.

முதல் நாள் கொடுத்த வெள்ளைக் கோட்டைக் காதர் கழற்றவே இல்லை. அதோடு லாரி ஏறி, அதோடு தேக்கா மார்க்கெட்டில் இறங்கி, அதோடு மீன் வாங்கினான். மீன்காரர் அவனை "டாக்டர்" என்று கூப்பிட்டார். அவனும் மறுக்கவில்லை!

அடக்கம் இன்று மாலை. நான் கிளம்பிவிட்டேன்.

சலாம், காதர்...