என் பேருக்குப் பக்கத்தில் வார்னிங்

எண்ணூர் நெடுஞ்சாலையில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். இடப்பக்கம் கல் கொட்டிய கடற்கரை, வலப்பக்கம் ஒன்றன் வாலில் ஒன்று முட்டி நிற்கும் ட்ரெய்லர்கள். கையில் துணிப்பை, அதற்குள் சோற்று டப்பா. டப்பாவை இன்னும் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். கன்டெய்னர் யார்டின் கேட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேமராவில் விழும். ஏன் பார்த்தான் என்று பிறகு ஒருவர் கேட்பார்.

வண்டியிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டி, கேட் கம்ப்யூட்டர் மறுபடியும் படுத்துவிட்டதா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கே எதிராகத்தான் திரும்பியிருந்தது.

நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். கப்பலில் துரு சுரண்டியிருக்கிறேன். மணலியில் டிரம் கழுவியிருக்கிறேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நம்பரைத் தப்பில்லாமல் அடிப்பேன். அதனால் யார்டில் என்னைக் கேட்டில் உட்காரவைத்தார்கள். உள்ளே வரும் வண்டி நம்பர், கன்டெய்னர் நம்பர் இரண்டையும் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கூட இருந்தவர் கல்மண்டபத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்டைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. நான் எழுந்து போனால் அவரே உட்கார்ந்து அடிப்பார். அண்ணா என்று கூப்பிடுவேன்.

ஆபீஸில் விண்டோஸ் கம்ப்யூட்டர். கேட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இரண்டிலும் ஓடியது ஒரே புரோகிராம். ஆனால் எங்கள் திரையில் மட்டும் அதோடு சேர்ந்து கறுப்பாக ஒரு பெட்டி திறக்கும். அதில் வெள்ளை எழுத்து வரிவரியாக ஏறிக்கொண்டே இருக்கும். ஆபீஸ் திரையில் அந்தக் கறுப்புப் பெட்டி கிடையாது. அவர்களுக்கு இல்லாதது எங்களுக்கு மட்டும் ஏன் என்பதில்தான் சந்தேகம் ஆரம்பித்தது.

ஒரு நாள் அண்ணன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் ஒரு சொல்லைப் படித்துவிட்டார். டேங்கர் லாரி முதுகிலும் பைப்லைன் வேலியிலும் சிவப்பில் எழுதியிருக்கும் சொல் அது.

"இன்னாடா இது, உன் பேர போட்டு பக்கத்துல வார்னிங்னு போட்டுகினே கீது?"

பார்த்தேன். தேதி, என் பேர், வார்னிங், அப்புறம் புரியாத ஆங்கிலம். அடுத்த வரியும் அப்படியே. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வார்னிங் என்றால் ஒரே அர்த்தம்தான். மேலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள் அது. மூன்று வாங்கினால் வெளியே போக வேண்டும். அண்ணன் மணலியில் மூன்றும் வாங்கியவர். இந்தக் கேட்டை விட்டால் இந்த வயதில் வேறெங்கும் கூப்பிட மாட்டார்கள் என்று அடிக்கடி சொல்வார்.

கம்பெனி எனக்குச் சத்தமில்லாமல் வார்னிங் எழுதி வைக்கிறது என்று நான் நினைத்தேன். அண்ணன் வேறு மாதிரி கணக்குப் போட்டார். அவர் உட்கார்ந்து அடிக்கும்போதும் வரிகள் என் பேரில்தான் வந்தன. காலையில் என் பேரில் திறந்த புரோகிராமை யாரும் மாற்றுவதில்லை, அதனால்தான். ஆனால் அவருக்கு அது, நான் இல்லாத நேரத்திலும் நான் அவரைப் போட்டுக்கொடுத்து வார்னிங் எழுதவைப்பதாகப் பட்டது. அன்றிலிருந்து டீ வாங்கிவந்தால் என் டம்ளரைத் தள்ளி வைத்தார். நானும் அவர் போன் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

பிறகு அவர் கறுப்புப் பெட்டியை மூட ஆரம்பித்தார். மூடினால் எழுதாது என்பது அவர் எண்ணம். அதை மூடினால் புரோகிராமும் சேர்ந்து செத்துவிடும். மறுபடி திறக்கும்வரை வண்டிகள் நம்பர் ஏறாமலே உள்ளே போகும். இதை நான் கவனித்து அவரிடம் சொன்னேன்.

"உனக்கு எப்டி தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். நான் அடுத்த வண்டி நம்பரை அடிக்கத் திரும்பினேன்.

நம்பர் ஏறாமல் கன்டெய்னர் போனால் ஆபீஸ் சும்மா இருக்காது. எதுவும் காணாமல் போகவில்லை. ஆனாலும் திருட்டுக்கு வழி பண்ணுகிறார்கள் என்று சூப்பர்வைசர் முடிவு செய்தார். நான் வேலையை விட்ட அன்று காலை, புரோகிராம் எழுதிய பெண்ணை வரவழைத்தார். வியாசர்பாடிக்காரப் பெண், தன் லேப்டாப்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டில் அண்ணனை நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். புரோகிராம் தனக்கு நடப்பதைத் தானே எழுதிக்கொள்ளும், அதற்கு லாக் என்று பேர். வார்னிங் என்றால் ஆளுக்கு இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று புரோகிராம் தனக்குத் தானே முனகுவது. விண்டோஸில் அதெல்லாம் ஒரு ஃபைலுக்குள் சத்தமில்லாமல் போய்விடும். லினக்ஸில் அந்தக் கறுப்புப் பெட்டி வழியாகப் புரோகிராமைத் திறக்கும்படி அவர் அமைத்திருந்ததால் எங்கள் கண்ணெதிரே ஓடியது. அதை மறைக்க மறந்துவிட்டேன் என்றார்.

சூப்பர்வைசர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புரோகிராம் சாகும் முன் கடைசி வரியில் யார் பேர் என்று கேட்டார். என் பேர்தான்.

"சார், இது யார் பேர்ல தொறந்து கீதுன்னுதான் சொல்லும். யார் கை மூடுச்சின்னு சொல்லாது," என்றார் அந்தப் பெண்.

"எனக்கு இந்தப் பேர் போதும்மா." பிறகு என்னைப் பார்த்தார். "நீயா, அவனா? சொல்லு. ஒருத்தன்தான் நாளைக்கு வருவான்."

எனக்கு வேலையை விட்டுப் பழக்கம். அண்ணனுக்கு அந்தக் கேட்டை விட்டால் வேறில்லை. நல்ல மனசு என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டு அங்கே உட்கார எனக்கே பிடிக்கவில்லை. எழுந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

திருவொற்றியூர் தாண்டியதும் பின்னால் மொபெட் சத்தம். அண்ணன். எனக்கு முன்னால் போய்க் குறுக்கே நிறுத்தினார். வேலை நேரத்தில் கேட்டை விட்டுவிட்டு வந்திருக்கிறார், யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

"பைய காட்டு," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா எட்துக்காத மாமு. சார் சொன்னாரு."

பையைப் பிரித்துக் காட்டினேன். டப்பாவையும் திறந்தேன். சோறு, கருவாட்டுக் குழம்பு. மூடிக்கொள் என்று கையைக் காட்டினார்.

வார்னிங் என்றால் ஆளுக்கு இல்லை, மிஷின் தன்னைப் பற்றியே எழுதிக்கொள்வது என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன்.

"கம்பெனில வார்னிங்னா இன்னான்னு எனக்கே சொல்றியா? மூணு வாங்கனவன்டா நான்." மொபெட் கைப்பிடியை முறுக்கினார். "போட்டுக் குடுக்காதவன் எதுக்கு நைனா ஓடுறான்?"

"நான் இல்லல்ல, இனிமே உன் பேர்லதான் தொறப்பாங்க. மூடினா உன் பேர்தான் கடைசில நிக்கும். மூடாதண்ணா."

என் பேருக்குப் பதில் தன் பேரும் பக்கத்தில் அந்தச் சொல்லும் வரிவரியாக ஏறுவதை அவர் அங்கேயே பார்த்திருக்க வேண்டும். வண்டியைத் திருப்பினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வாசலில், வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்று நின்றேன். எதிர் டீக்கடையில் நேற்றைய டிரைவர். விடியலில் யார்டிலிருந்து வண்டியை எடுத்து வந்ததாகச் சொன்னார். கேட் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"ஓடிகினு கீது. உன் தோஸ்துதான் அடிக்கிறாரு. கம்ப்யூட்டர் டிவில பாதி மேல அட்டைய ஒட்டி வச்சிகினு கீறாரு. ஏன்னு கேட்டா, எரிஞ்சி வுழுறாரு."

அப்படியென்றால் கறுப்புப் பெட்டியை மறைத்திருக்கிறார், மூடவில்லை. நம்பவும் இல்லை.

மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். முன்பு எங்கே வேலை, ஏன் விட்டாய் என்று கேட்டார். ஒத்துவரவில்லை என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு ஐஸ் கட்டி இழுக்கும் கொக்கியைக் கொடுத்தார். அமோனியா அறைக் கதவில் சிவப்புப் பெயின்டில் அதே சொல் எழுதியிருந்தது. பக்கத்தில் பேர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போனேன்.