மிக்ஸி போடட்டுமா, கண்ணு?

தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரை ஒரு விடியற்காலையில் யானை இடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதன்பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் என் ஐந்து வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். பழகினால் பயம் தெளியும் என்று, அவள் அழ அழ மிக்ஸியை ஓட்டினேன். செய்வது சரிதானா என்ற சந்தேகமும் கூடவே ஓடியது.

பள்ளியிலிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார்.

"கண்ணு, யானை வந்ததை அக்காகிட்டச் சொல்லு" என்றேன்.

"வேண்டாங்க. அவளுக்கா தோணும்போது சொல்லட்டுங்க" என்றவர், தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தார். "அம்மணி, அக்கா இங்க உக்காரட்டுமா, தள்ளிப் போகட்டுமா?"

"தள்ளி."

உடனே நகர்ந்தார். "போதுங்களா?"

"இன்னும் தள்ளி!"

அவர் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே போய்விட்டார். மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"அன்னைக்கு எல்லாம் சொல்லாம கொள்ளாம நடந்துபோச்சுங்க. இனி எதையும் அவகிட்டக் கேட்டுப்போட்டுச் செய்யுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே செய்தேன். மெல்ல மெல்ல மகளே வந்து மிக்ஸி ஸ்விட்சைப் போட ஆரம்பித்தாள்.

நேற்று காற்றில் ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. பதறிக் கரண்டியை நழுவவிட்டது நான்தான். மகள் ஜன்னலருகே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, சாத்தப் போறேன். சத்தம் வரும். சாத்தட்டுமா?"

நான் தலையாட்டும்வரை காத்திருந்தாள்.

அந்த விடியலில் நானும் அந்தச் சமையலறையில்தான் நின்றிருந்தேன். அதை நானே மறந்திருந்தேன்; என் மகள் மறக்கவில்லை.