என் டிரைவரில் பிழை இல்லை

பழி என் மேல் விழுந்தது. விழுந்தால் விழட்டும் என்று சும்மா இருக்கிற ரகம் இல்லை நான்.

இரண்டாயிரங்களின் நடுவில் சத்துவாச்சாரியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். தோலின் பரப்பை அளக்கும் மெஷின்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்துகொடுப்போம். போர்டில் ஒரே ஒரு யூ.எஸ்.பி. வாய். பென் டிரைவைச் செருகினால் போர்டுதான் எஜமான்; அளவுகளை அதில் எழுதும். கம்ப்யூட்டரோடு இணைத்தால் அடங்கிப்போய், கேட்ட அளவைக் கொடுக்கும். செருகியது எது என்று டிரான்ஸீவர் என்கிற சில்லு பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு நடக்கும் டிரைவர் புரோகிராமை எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவள் நான்.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் மாட்டிய போர்டு மூன்றாவது வாரமே மக்கர் செய்தது. கம்ப்யூட்டரோடு இணைத்தாலும், பென் டிரைவ்தான் வந்திருக்கிறது என்று அடம்பிடித்தது. முதலாளி உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: கோளாறு டிரைவரில்தான், பெங்களூரில் ஆள் பிடித்து வேறு எழுதிக்கொள்ளலாம், நான் இனி ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் பக்கம் உட்காரலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே மேல்விஷாரத்துக்குப் பஸ் ஏறினேன். தோலில் முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு அடுத்த அறையில் மெஷின் இருந்தது. அந்த அழுகின முட்டை நாற்றம் எனக்குப் புதிதில்லை. ஆம்பூரில் அப்படியொரு தெருவிலிருந்துதான் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். அந்தக் காற்று பட்டே எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசு ஒரே மாதத்தில் கறுத்துவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு பல்பொடி போட்டுத் தேய்ப்போம்.

போர்டைக் கழற்றினேன். செம்புத் தடங்களின் மேல் பூசியிருந்த வெள்ளி கரியாகிக் கிடந்தது. அந்தக் கறுப்பு ஊர்ந்துபோய் சில்லின் இரண்டு முனைகளை ஒட்டவைத்திருந்தது. சில்லுக்குப் பொய்த் தகவல் போயிருக்கிறது. என் டிரைவர் அதை நம்பியிருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிப் பூச்சுதான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கியவர் முதலாளி.

நான் திரும்பி வருவதற்குள் அவர் தொழிற்சாலைக்குக் கடிதம் தயார் செய்திருந்தார். டிரைவர் பிழை, திருத்திவிட்டோம் என்று. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"சும்மா போடும்மா. இன்னா ஆய்டப் போவுது?" என்றார்.

பேனாவை நான் தொடவில்லை. காலிலிருந்த கொலுசைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த போர்டுக்குப் பக்கத்தில் அவர் மேஜை மேல் வைத்தேன். இரண்டும் ஒரே கறுப்பு.

"இதுக்கும் நான்தான் டிரைவர் எழுதுனேனா, சார்?"

 அவர் கடிதத்தை மடித்து டிராயருக்குள் போட்டார்.

அடுத்த போர்டின் மேல், காற்று படாமலிருக்க, வார்னிஷ் பூசி அனுப்பினோம். டிரைவரில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.